கவலை தூங்க விடலையா? மனச தூக்கி நிறுத்த நான் பட்டு தெரிஞ்சுகிட்ட வழி

அப்பாவுக்கு கழுத்துல ஒரு கட்டி. அதுல இருந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு ரிசல்ட்டுக்காக 11 நாள் காத்திருந்தோம். அந்த 11 நாளும் நான் தூங்குனத மொத்தமா கூட்டினா 30 மணி நேரம் தேறுமாங்கறதே சந்தேகம். வந்தவங்க போனவங்க எல்லாரும் "தைரியமா இரு", "கடவுள் மேல பாரத்த போடு", "நல்லதே நினை"ன்னு சொல்லிட்டு போனாங்க. சரி, தைரியமா இருக்கறதுன்னா எப்படி, காலைல எழுந்ததும் என்ன பண்ணணும், ராத்திரி 3 மணிக்கு என்ன பண்ணணும், பாரத்த போடறதுன்னா எந்த கையால எடுத்து எங்க போடறதுன்னு ஒருத்தரும் சொல்லல. முட்டி மோதி நானா கத்துக்கிட்டேன், கொஞ்சம் படிச்சும் தெரிஞ்சுகிட்டேன். நீங்களும் அதே மாதிரி முழிக்க வேண்டாமேன்னு வரிசையா எழுதறேன்.

ஒண்ண முதல்லயே சொல்லிடறேன். நான் செஞ்ச பெரிய தப்பு, தைரியம் வரட்டும் அப்புறம் வேலைய பாக்கலாம், நம்பிக்கை வரட்டும் அப்புறம் பிரார்த்தனை பண்ணலாம்னு காத்துக்கிட்டு இருந்தது. அது வரவே இல்ல. கீழ சொல்ற சின்ன சின்ன வேலைய நடுங்கிக்கிட்டே செய்ய ஆரம்பிச்ச அப்புறம்தான், எப்ப வந்துச்சுன்னே தெரியாம வந்துச்சு.

தேவையான சாமான்

ஒரு நோட்டு, ஒரு பேனா, அலாரம் வைக்க ஏதாவது ஒண்ணு, நம்பி பேச ஒரே ஒரு ஆள். அவ்வளவுதான். போன்ல எழுதிக்கலாமேன்னு தோணும், வேண்டாம். போன எடுத்தா அடுத்த நிமிஷம் எங்க போய் நிப்பீங்கன்னு உங்களுக்கே தெரியும். செலவுன்னு பாத்தா காசு பெருசா ஆகாது, நேரம்தான் செலவு, ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்க. குறைஞ்சது 4 வாரம் கொடுக்கணும். நாலு நாள்ல பலன் தெரியலன்னு விட்டவங்கள்ல நானும் ஒருத்தன், அப்புறம் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

1. முதல்ல உடம்ப இறக்குங்க

நெஞ்சு படபடன்னு அடிக்கும்போது மனசுக்கு எந்த புத்திமதியும் ஏறாது. அதனால பேச்ச நிறுத்திட்டு மூச்ச பாருங்க. மூக்கு வழியா 4 எண்ணுற வரைக்கும் உள்ள இழுங்க, 6 எண்ணுற வரைக்கும் மெதுவா வெளிய விடுங்க. 5 நிமிஷம். மூச்சு வெளிய போற நேரத்துல இதயத்துடிப்பு கொஞ்சம் குறையறது உடம்போட இயல்பு, அதனாலதான் வெளிய விடற நேரத்த நீட்டறோம்.

இங்க ஒரு பொறி இருக்கு. "நல்லா ஆழமா மூச்சு இழு"ன்னு சொல்றத கேட்டு வேக வேகமா பெருசு பெருசா இழுத்தேன், தலை சுத்தி விரலெல்லாம் மரத்துப்போச்சு, ஐயோ எனக்கும் ஏதோ ஆயிடுச்சுன்னு அதுக்கு வேற தனியா பயந்தேன். அளவுக்கு மீறி மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு அப்படித்தான் ஆகும். மெதுவா, சின்னதா, வயிறு அசையற மாதிரி விட்டா போதும்.

ஆனா நெஞ்சுல அழுத்தற வலி, கை தாடைன்னு பரவற வலி, மூச்சுத்திணறல் இதெல்லாம் புதுசா வந்தா "இது வெறும் கவலைதான்"னு நீங்களே தீர்ப்பு எழுதாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க.

2. மண்டைக்குள்ள இருக்கறத பேப்பர்ல இறக்குங்க

நோட்டுல பக்கத்துக்கு நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் "பயம்", வலது பக்கம் "வேலை". மனசுல ஓடறத எல்லாம் இடது பக்கம் எழுதுங்க, அழகா எழுத வேண்டாம், யாரும் படிக்கப்போறதில்ல.

என்னோட மூணாவது நாள் பக்கம் இன்னும் இருக்கு. இடது பக்கம் முதல் வரி "அப்பா செத்துடுவாரா". ரெண்டாவது "அம்மா எப்படி தாங்குவா". மூணாவது "லீவு தீந்துடுச்சு". நாலாவது "டாக்டர் சொன்னது பாதி புரியல". அஞ்சாவது "பணம்". மண்டைக்குள்ள இருந்தப்ப இது அஞ்சும் சேந்து ஒரே கருமேகம் மாதிரி இருந்துச்சு, பேப்பர்ல வந்த அப்புறம் பாத்தா மூணாவதும் நாலாவதும் அஞ்சாவதும் சும்மா வேலைங்க! வலது பக்கம் எழுதினேன்: மேனேஜர்கிட்ட காலைல 10 மணிக்கு பேசணும், டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய 6 கேள்விய எழுதி வச்சுக்கணும், இன்சூரன்ஸ் பேப்பர் எந்த டிராயர்ல இருக்குன்னு தேடி எடுக்கணும். முதல் ரெண்டுக்கு வலது பக்கம் எழுத ஒண்ணும் இல்ல. காலியாவே விட்டுட்டேன். அந்த காலி இடத்த என்ன பண்றதுன்னு அஞ்சாவது ஸ்டெப்ல சொல்றேன்.

வலது பக்கத்துல எழுதற வேலை ரொம்ப சின்னதா இருக்கணும், 15 நிமிஷத்துல முடியற மாதிரி. "குடும்பத்த பாத்துக்கணும்"னு எழுதினா அது வேலை இல்ல, வேற சட்டை போட்டுக்கிட்டு வந்த பயம்.

3. கவலைக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுங்க

இத கேட்டு நான் சிரிச்சேன், ஆனா எனக்கு அதிகமா உதவுனது இதுதான். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 20லருந்து 30 நிமிஷம், கவலப்படறதுக்குன்னே ஒதுக்கணும். நான் சாயங்காலம் 6 மணி வச்சுகிட்டேன். மத்த நேரத்துல கவலை வந்து கதவ தட்டினா நோட்டுல ஒரு வரி குறிச்சுட்டு "6 மணிக்கு வா"ன்னு அனுப்பிடணும். 6 மணிக்கு உக்காந்து அந்த லிஸ்ட்ட எடுத்து நல்லா, மனசார கவலப்படணும். அலாரம் அடிச்சா எழுந்துடணும்.

இது யாரோ சும்மா சொன்ன டிப்ஸ் இல்ல. 1983ல போர்கோவெக்னு ஒரு சைக்காலஜிஸ்ட்டும் அவர்கூட இருந்தவங்களும் அதிகமா கவலப்படற மாணவர்கள வச்சு 4 வாரம் இதே முறைய சோதிச்சு பாத்தாங்க, தினமும் அரை மணி நேரம் கவலைக்குன்னு ஒதுக்கினவங்களுக்கு கவலை குறைஞ்சுச்சு.

"கவலப்படாத"ன்னு சொன்னா ஏன் வேலைக்கு ஆகறதில்லன்னும் பதில் இருக்கு. 1987ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சில டேனியல் வெக்னர்னு ஒருத்தர், 5 நிமிஷம் வெள்ளை கரடிய மட்டும் நினைக்காதீங்கன்னு ஆளுங்ககிட்ட சொன்னார். நினைப்பு வந்துகிட்டே இருந்துச்சு. அதவிட மோசம், அதுக்கப்புறம் கரடிய நினைக்கலாம்னு சொன்னப்ப, முதல்லயே நினைக்க சொல்லப்பட்டவங்கள விட இவங்களுக்கு அதிகமா வந்துச்சு. அதனால அடக்காதீங்க, தள்ளி போடுங்க. அடக்கறதும் தள்ளி போடறதும் வேற வேற.

கவனிக்க வேண்டியது ரெண்டு. படுக்கற நேரத்துக்கு பக்கத்துல இந்த அப்பாயின்ட்மென்ட்ட வைக்காதீங்க. படுக்கையில உக்காந்தும் செய்யாதீங்க, அந்த இடத்துக்கும் கவலைக்கும் முடிச்சு விழுந்துடும். மறந்து போச்சுன்னா விடுங்க, மறந்தது நல்ல விஷயம்தானே.

4. ராத்திரி 3 மணி

இதுக்கு தனி ஸ்டெப் தேவை. பகல்ல சமாளிச்ச ஆளு ராத்திரி 3 மணிக்கு சமாளிக்க மாட்டான். அந்த நேரத்துல எடுக்கற எந்த முடிவும் செல்லாதுன்னு முதல்ல ஒரு சட்டம் போட்டுக்குங்க. நான் ஒரு தடவ 3.20க்கு வேலைய ரிசைன் பண்ண மெயில் டைப் பண்ணி வச்சேன், காலைல எழுந்து பாத்தா எனக்கே புரியல.

தோராயமா 20 நிமிஷம் புரண்டும் தூக்கம் வரலன்னா எழுந்து வேற இடத்துல போய் மங்கலான வெளிச்சத்துல உக்காருங்க, கண்ணு சொக்கினா மட்டும் திரும்ப படுங்க. கடிகாரத்த பாக்க வேண்டாம், "இன்னும் 3 மணி நேரம்தான் இருக்கு"ன்னு கணக்கு போட ஆரம்பிச்சா அதுவே ஒரு கவலை. காபி குடிக்கறவங்க மதியத்தோட நிறுத்திடுங்க, காஃபின்ல பாதி உடம்ப விட்டு போகவே சுமாரா 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு அதுக்கும் மேல.

அப்புறம் போன். நான் அந்த 11 நாள்ல கழுத்துக்கட்டிய பத்தி தேடாத தேடல் இல்ல. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு 2 நிமிஷம் நிம்மதி, அதுக்கப்புறம் புதுசா ஒரு வியாதி பேரு. திரும்ப திரும்ப தேடறது, திரும்ப திரும்ப "ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு கேக்கறது ரெண்டும் ஒரே பழக்கம்தான். சொறிஞ்சா சுகமா இருக்கும், புண்ணு பெருசாகும். போன வேற ரூம்ல சார்ஜ் போடுங்க.

5. அந்த காலி இடம்: நம்பிக்கை

ரெண்டாவது ஸ்டெப்ல வலது பக்கம் காலியா விட்டோமே, அங்கதான் இது வருது. உங்க கையில இல்லாத விஷயத்துக்கு எந்த வேலையும் எழுத முடியாது, ஆனா அத சுமந்துகிட்டே திரியவும் முடியாது.

நான் முதல்ல பண்ணது பிரார்த்தனை இல்ல, பேரம். "அப்பாவ காப்பாத்து, நான் இத விட்டுடறேன், அத செய்யறேன்"னு. பேரத்துல ஒரு பிரச்சனை, பேசி முடிச்சதும் சரியா பேசினோமா, இன்னும் கொஞ்சம் ஏத்தி சொல்லிருக்கலாமோ, ஒரு வார்த்தை தப்பா சொல்லிட்டோமோன்னு அதுவே ஒரு டென்ஷன் ஆயிடுது. ஒரு நாள் ராத்திரி 40 நிமிஷம் அப்படி வேண்டிட்டு, வேண்டறதுக்கு முன்னாடி இருந்தத விட மோசமா எழுந்தேன்.

சித்தி ஒருத்தங்க இருக்காங்க, சின்ன வயசுலயே நிறைய இழந்தவங்க. அவங்ககிட்ட, "எப்படி சித்தி நீங்க மட்டும் தெம்பா இருக்கீங்க, என்னதான் வேண்டுவீங்க?"ன்னு கேட்டேன். "நான் தெம்பா இருக்கேன்னு யாருப்பா சொன்னது? காலைல எழுந்து இன்னைக்கு ஒரு நாள தாண்ட வைன்னு கேப்பேன். நாளைக்கு உள்ளத நாளைக்கு கேட்டுக்கலாம்ல"ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எழுந்து வேலைய பாக்க போயிடுவாங்களாம். நானும் அத அப்படியே எடுத்துகிட்டேன்.

செய்முறை இதுதான். காலைல ஒரே நேரம், 5லருந்து 10 நிமிஷம். முதல்ல ஒரு நிமிஷம் சும்மா உக்காருங்க. நோட்டுல வலது பக்கம் காலியா இருக்கற வரிகள ஒவ்வொண்ணா, பூசி மொழுகாம, உள்ளது உள்ளபடி வாய் விட்டு சொல்லுங்க. "எனக்கு பயமா இருக்கு"ன்னு சொல்றது நம்பிக்கை இல்லாத பேச்சு இல்ல, யாரையாவது நம்பினாதான அப்படி சொல்லவே வரும். அப்புறம் இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் கேளுங்க. உங்க மதத்துல மனப்பாடமா தெரிஞ்ச வேண்டுதல் ஏதாவது இருந்தா அதோட முடிங்க, சொந்த வார்த்தை வராத நாள்ல மனப்பாடம்தான் கை கொடுக்கும். கேட்டு முடிச்சதும் அந்த வரிக்கு பக்கத்துல ஒரு டிக் போடுங்க, இன்னைக்கு இத ஒப்படைச்சாச்சுன்னு. மறுபடி எடுத்துக்குவீங்க, அது தெரியும், நாளைக்கு மறுபடி டிக் போடுங்க. நான் "அப்பா செத்துடுவாரா"வுக்கு பக்கத்துல போட்ட டிக்க எண்ணினா 19 இருக்கு, ரிசல்ட் வந்த அப்புறமும் போட்டுகிட்டுதான் இருந்தேன்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவங்க இந்த ஸ்டெப்ப தாண்ட வேண்டியதில்ல. அதே 10 நிமிஷம் உக்காந்து "இது என் கையில இல்ல, இன்னைக்கு என் கையில இருக்கறது இது"ன்னு ரெண்டு வாக்கியம் சத்தமா சொல்லுங்க. கிட்டத்தட்ட 1900 வருஷத்துக்கு முன்னாடி எபிக்டெட்டஸ்னு ஒரு அடிமையா இருந்தவர் சொல்லிக்கொடுத்ததும் இதத்தான், எது நம்ம வசம் எது நம்ம வசம் இல்லன்னு பிரிச்சு பாக்கற பழக்கம்.

இன்னொரு பொறி. "உனக்கு நம்பிக்கை பத்தல, அதான் இப்படி"ன்னு சொல்ல ஒருத்தர் கண்டிப்பா வருவார். அந்த ஆள்கிட்ட 6 மாசத்துக்கு எதுவும் சொல்லாதீங்க.

6. ஒரே ஒரு ஆள பிடிங்க

பத்து பேர்கிட்ட சொன்னா பத்து வைத்தியம் வரும். ஒருத்தர் போதும். கூப்பிடும்போதே என்ன வேணும்னு சொல்லிடுங்க: "எனக்கு அட்வைஸ் வேண்டாம், 10 நிமிஷம் கேளு, நடுவுல பேசாத." இப்படி சொல்ல கூச்சமாத்தான் இருக்கும், ஆனா கேக்கறவனுக்கும் இது பெரிய நிம்மதி, அவனும் என்ன பதில் சொல்றதுன்னு தெரியாமதான் "எல்லாம் சரியாயிடும்"ங்கறான். வாரத்துக்கு ரெண்டு தடவ, நாளும் நேரமும் முன்னாடியே பேசி வச்சுக்குங்க. ரொம்ப உடையும்போது கூப்பிடலாம்னு விட்டா, உடைஞ்ச நேரத்துல போன எடுக்கற தெம்பு இருக்காது.

7. கவலைக்கு கணக்கு வைங்க

வாரத்துக்கு ஒரு நாள் போதும். இடது பக்கம் எழுதுன பயத்துக்கு எல்லாம் தேதி போட்டிருப்பீங்கல்ல, திருப்பி பாத்து நடந்ததா நடக்கலையான்னு எழுதுங்க. 2020ல வெளிவந்த ஒரு ஆய்வுல, கவலை நோய் இருந்த 29 பேர் இதே மாதிரி எழுதி வச்சு சரிபாத்தாங்க, சோதிக்க முடிஞ்ச கவலைகள்ல 91 சதவீதத்துக்கு மேல நடக்கவே இல்ல.

மீதி இருக்கே, அத நான் மறைக்க மாட்டேன். எங்களுக்கு ரிசல்ட் நல்லதா வரல. ஆபரேஷன் ஆச்சு, அப்புறமும் வைத்தியம் இருந்துச்சு, இப்ப அப்பா நடக்கறார், சத்தம் போடறார், என்னோட சண்டை போடறார். ஆனா ரிசல்ட் வந்த அன்னைக்கு நான் பயந்த மாதிரி நான் சரிஞ்சு விழல, கையில 6 கேள்வியும் இன்சூரன்ஸ் பேப்பரும் இருந்துச்சு. அப்பா வேற, வெளிய வந்து, "ஏண்டா, நீ தூங்காம இருந்தியே, கட்டி கரைஞ்சுதா?"ன்னு கேட்டார். நோட்டுல "நடந்தது"ன்னு எழுதினேன், பக்கத்துல என்ன செஞ்சோம்னும் எழுதினேன். அந்த ரெண்டாவது பகுதிய கண்டிப்பா எழுதுங்க, அடுத்த தடவ கவலை வரும்போது புரட்டி பாக்க அதுதான் உதவுது.

8. எப்ப டாக்டர்கிட்ட போகணும், என்ன எடுத்துட்டு போகணும்

4 வாரம் மேல சொன்னத செஞ்சும் தூக்கம், சாப்பாடு, வேலை மூணுல ஒண்ணு கெட்டுகிட்டே போனா போங்க. மாசக்கணக்கா இப்படித்தான் இருக்கேன்னா 4 வாரம் கூட காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான நாள் கட்டுப்படுத்த முடியாத கவலை 6 மாசத்துக்கு மேல நீடிச்சா டாக்டருங்க அத பொதுவான பதற்ற நோய்னு தனியாவே பாக்கறாங்க.

கவலை எந்த அளவுல இருக்குன்னு அளக்க ஜிஏடி-7னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, 2006ல வந்தது. கடந்த 2 வாரத்த பத்தி 7 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 3 மார்க், மொத்தம் 21. 10 அல்லது அதுக்கு மேல வந்தா ஒரு டாக்டர் பாக்கணும்னு அர்த்தம். அது நோய்னு முத்திரை குத்தறது இல்ல, பாக்க வேண்டிய அளவுல இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது.

எடுத்துட்டு போக வேண்டியது: 2 வாரத்து தூக்க கணக்கு (எத்தன மணிக்கு படுத்தீங்க, எத்தன தடவ முழிச்சீங்க), இப்ப சாப்பிடற எல்லா மாத்திரை பேரும், காபி சிகரெட் மது எவ்வளவுங்கற உண்மையான அளவு, வீட்ல யாருக்காவது இதே மாதிரி இருந்துச்சாங்கற தகவல், பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். தைராய்டு அதிகமா சுரந்தா கூட படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும், அதனால தைராய்டு டெஸ்ட் எடுக்கணுமான்னு கேளுங்க.

டைம் எவ்வளவுன்னா, சிபிடின்னு சொல்ற பேச்சு சிகிச்சை பொதுவா வாரம் ஒரு தடவன்னு 3, 4 மாசம் வரைக்கும் போகலாம். மாத்திரை எழுதினா பல மாத்திரைங்க முழுசா வேலை செய்ய சில வாரம் எடுக்கும், முதல் வாரத்துல கொஞ்சம் கூடுதலா படபடக்கவும் செய்யலாம். நல்லாயிட்டோம்னு நீங்களா திடீர்னு நிறுத்தக்கூடாது. டாக்டர்கிட்ட போறதும் பிரார்த்தனை பண்றதும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. அப்பாவுக்கு கட்டி வந்தப்ப ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம், அங்க உக்காந்து வேண்டவும் செஞ்சோம்.

"இருந்து என்ன பிரயோஜனம்"ங்கற நினைப்பு வந்தா, இந்த ஸ்டெப் எதையும் செய்ய வேண்டாம். அன்னைக்கே, அந்த நிமிஷமே ஒரு ஆள்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, தனியா இருக்காதீங்க, பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரியோட எமர்ஜென்சிக்கு போங்க.

எத்தன நாள்ல என்ன தெரியும்

என் அனுபவத்துல, மூச்சு அன்னைக்கே பலன் காட்டும். நோட்டு 3 நாள்ல. 6 மணி அப்பாயின்ட்மென்ட் முதல் வாரம் சுத்தமா தோல்வி, நாள் பூரா கவலை வரிசை கட்டி நிக்கும், மனச தளர விடாதீங்க. ரெண்டாவது வாரக் கடைசில அரை மணி நேரம் உக்காந்தா 10 நிமிஷத்துக்கு மேல கவலப்பட விஷயம் இல்லாம போகும், அப்பவும் அலாரம் அடிக்கற வரைக்கும் உக்காருங்க. காலை பிரார்த்தனைதான் ரொம்ப லேட், ஒரு மாசம் வரைக்கும் செவுத்துகிட்ட பேசற மாதிரியே இருந்துச்சு எனக்கு. நடுவுல நாலு நாள் விட்டும் போச்சு. விட்டா விட்ட இடத்துல இருந்து ஆரம்பிங்க, விட்ட நாளுக்கு சேத்து வச்சு செய்யாதீங்க.

நோட்ட தூக்கி போடாதீங்க. அப்பாவுக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவ செக்கப் இருக்கு, ஒவ்வொரு தடவையும் அதுக்கு முந்தின வாரம் எனக்கு தூக்கம் போகுது, மறுபடி கோடு போட்டு "பயம்", "வேலை"ன்னு எழுதறேன். போன தடவ இடது பக்கம் 2 வரிதான் வந்துச்சு.